பால்மரமா மண்ணைத் தின்றது?

பால்மரம் நட்ட நிலம் சக்கையாய்ப் போகும் என்று சொல்வது நம்மவருள் ஒரு வழக்கமாகிவிட்டது. தோட்டத்திலே நெடுங்காலம் உழைத்து ஓய்ந்த பெரியவர்கள் இதனைச் சொல்லுகிறார்கள். அவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்து, இன்று பட்டணத்திலே உத்தியோகம் பார்க்கும் அவர்தம் மக்களும் அதனையே திருப்பிச் சொல்லுகிறார்கள். "மரம் மண்ணிலுள்ள சத்தையெல்லாம் உறிஞ்சிப் பாலாக்கிக் கொடுத்தது, பாலைத் துரைமார் கப்பலேற்றிக்கொண்டு போனார்கள், ஆகவே மண் செத்தது" என்பது அவர்கள் கட்டும் வாதம். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றுகிறது. கொள்ளை போன செல்வத்தைப் பற்றிய மனக்கசப்பும் அதனுள் கலந்திருப்பதால், அதனை மறுப்பவன் துரைமாருக்குப் பரிந்து பேசுபவனாகவும் எண்ணப்படுவான். அந்தப் பழியை ஏற்கத் துணிந்தே இதனை எழுதுகிறேன். மண் கெட்டது உண்மை. ஆனால் அக்குற்றத்தை மரத்தின் தலையில் ஏற்றுவது அநியாயம். உண்மைக் குற்றவாளி தப்பிப் போவதற்கும் அதுவே வழி.

இவ்வாதத்திற்கு உடன்பிறந்தவை வேறு இரண்டு உண்டு. பெருங்காட்டு மண் பொன் விளையும் மண், வெட்டித் திருத்தினால் எத்தனை தலைமுறைக்கும் சோறு போடும் என்பது ஒன்று. வெட்டியதைச் சுட்டால் கிடைக்கும் சாம்பலைவிடச் சிறந்த உரம் இல்லை என்பது மற்றொன்று. மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. மண்ணை ஒரு பெட்டியாகவும், சத்தை அதனுள் பூட்டிவைத்த காசாகவும் எண்ணுவதே அவ்வேர்.

லயத்திலே நம் தாய்மார் பிடித்த சீட்டை நினைத்துப் பாருங்கள். இருபது பேர் போட்ட பணம் எந்நாளும் ஒரு பெட்டியிலே கிடந்ததில்லை; இம்மாதம் ஒருத்தியின் கையிலும் அடுத்த மாதம் மற்றொருத்தியின் கையிலும் இருந்தது. வாங்கினவள் திருப்பிக் கட்டாமல் ஊரைவிட்டுப் போனாலன்றிச் சீட்டு முறிந்ததில்லை. காட்டின் சத்தும் இவ்வாறே இலையிலிருந்து தரைக்கும், தரையிலிருந்து காளானுக்கும், காளானிலிருந்து வேருக்கும், வேரிலிருந்து மீண்டும் இலைக்கும் கைமாறிக்கொண்டே இருக்கிறது. எனவே சத்து எங்கே போயிற்று என்று கேட்பவர், வாங்கிக்கொண்டு ஓடினவர் யார் என்றுதான் விசாரிக்க வேண்டும்.

முதலில் மரத்தை விசாரிப்போம். பால்மரத்திலிருந்து வடியும் பாலில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குதான் ரப்பர். எஞ்சியதில் பெரும்பகுதி தண்ணீர். அந்த ரப்பர் எதனால் ஆனது? 1826-ஆம் ஆண்டிலேயே மைக்கேல் பாரடே என்ற ஆங்கில விஞ்ஞானி அதனைப் பகுத்துப் பார்த்துவிட்டார். ஐந்து பங்கு கரி அணுவும் எட்டுப் பங்கு ஹைட்ரஜன் அணுவும் சேர்ந்த பொருள் அது. சுண்ணாம்பு இல்லை, பாஸ்பரஸ் இல்லை, பொட்டாசியம் இல்லை. கரி காற்றிலுள்ள கரியமிலவாயுவிலிருந்து வந்தது. ஹைட்ரஜன் மழைநீரிலிருந்து வந்தது. துரைமார் கப்பலேற்றிய ரப்பர் ஷீட்டு, நம்முடைய காற்றையும் மழையையும் வெயிலையும், அவற்றோடு நம்மவர் விடியற்காலை உழைப்பையும் சுருட்டிக் கட்டிய மூட்டையே ஆகும். கொள்ளை நடக்கவில்லை என்று யான் கூறவில்லை. கொள்ளை போனது கூலி. மண்ணின் உப்பு அன்று.

மரத்தின் உடல் காற்றிலிருந்து வருகிறது என்பதை நம்பத் தயங்குவோர் பலர். கண்ணுக்குத் தெரியாத காற்று எப்படிக் கட்டையாகும் என்று கேட்பார்கள். பெல்ஜியத்தில் வாழ்ந்த வான் ஹெல்மான்ட் என்பவர் தொட்டியொன்றில் உலர்த்திய மண்ணை 200 பவுண்டு நிறுத்துப் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டார். ஐந்தாண்டுகள் தண்ணீரைத் தவிர வேறொன்றும் ஊற்றவில்லை. பின்னர் பிடுங்கி நிறுத்தபோது மரம் 169 பவுண்டுக்குச் சற்று மேலாக இருந்தது. மண்ணோ ஏறத்தாழ 2 அவுன்ஸ்தான் குறைந்திருந்தது. அவர் இறந்தபின் 1648-இல் இச்செய்தி அச்சாயிற்று. மரம் முழுவதும் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டியது தவறு. காற்றை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. 1804-இல் ஜெனீவாவைச் சேர்ந்த தெ சோசூர் கண்ணாடிக் கலங்களுக்குள் செடிகளை வளர்த்து, உள்ளே சென்ற வாயுவையும் வெளிவந்த வாயுவையும் அளந்து அந்தத் தவற்றைத் திருத்தினார். கரி காற்றிலிருந்து, மற்றது நீரிலிருந்து, சாம்பலில் எஞ்சும் சிறிதளவு உப்புகள் மட்டும் மண்ணிலிருந்து. ஹெல்மான்ட்டின் தொட்டியில் குறைந்த அந்த 2 அவுன்ஸை அவர் பொருட்படுத்தவில்லை. நம் விவகாரம் முழுவதும் அந்த 2 அவுன்ஸிலேதான் இருக்கிறது.

அது சிறிய அளவுதான். ஆனால் அஃது இல்லாவிடில் மரம் இல்லை. ரப்பர் போகப் பாலில் எஞ்சும் நீரிலே புரதமும் சிறிது பொட்டாசியமும் பாஸ்பரஸும் உண்டு என்பதையும் மறைக்காமல் ஒப்புக்கொள்ளுகிறேன். அவையும் கப்பலேறவில்லை. பாலை உறையவைத்து ஷீட்டு அடித்த ஸ்டோரின் பின்புறக் கால்வாயிலே நுரைத்து நாறி ஓடிற்றே ஒரு தண்ணீர், அதிலே போயின. தோட்டத்திலே பிறந்தவர் எவரும் அந்த நாற்றத்தை மறந்திருக்க மாட்டார்.

இனி உண்மைக் குற்றத்திற்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாத் தோட்டங்களில் ஒரு விதி இருந்தது. பால்மர நிரைகளுக்கு இடையில் ஒரு புல்லும் தென்படக் கூடாது. தரை வீட்டு முற்றம் போல மொழுமொழுவென்று இருக்க வேண்டும். புல் மரத்தின் உணவைத் திருடுகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். லாலான் புல்லைப் பொறுத்தவரை அதில் உண்மையும் உண்டு. அது எந்தக் கன்றையும் எளிதில் வளரவிடாது. ஆனால் லாலானுக்கு விதித்த தண்டனையை இலைக்கும் கொடிக்கும் பூண்டுக்கும் சேர்த்து விதித்தார்கள். மாதந்தோறும் நம்மவர் மண்வெட்டியோடு நிரை பிடித்து நின்று, சரிவென்றும் மேடென்றும் பாராமல் சுரண்டினார்கள். என் பாட்டியார் அந்தப் புல்வெட்டில் இருந்தவர். ஒரு கைப்பிடிப் பூண்டு மிச்சமிருந்ததற்காகக் கங்காணி அரைநாட் பேர் வெட்டிவிட்டதைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அதனோடு அவர் இன்னொன்றும் சொல்வார்: அவர் வேலைக்குச் சேர்ந்தபோது மண்ணுக்குள் இருந்த வேர், பிள்ளை பெற்றுத் திரும்பி வந்தபோது காலில் இடறிற்று என்று. இதைவிடத் தெளிவான சாட்சியம் எந்த நீதிமன்றத்திற்கு வேண்டும்?

ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் நாடு இது. அந்த மழை இலையில் விழுந்து, சருகில் விழுந்து, பூண்டில் தங்கி, மெல்ல மண்ணுக்குள் இறங்க வேண்டும். மொழுமொழுத்த சரிவில் அது விழுந்தவுடன் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடிற்று. மேல்மண் ஒரு சாண் போனால் போவது வெறும் மண்ணன்று; மக்கும் சருகும், அதை மக்கச் செய்யும் பூஞ்சையும், புழுவும், அவற்றைப் பற்றி நின்ற நுண்வேரும் ஒருசேரப் போகின்றன. சீட்டிலே இருபது பேரில் பன்னிரண்டு பேரை வெளியேற்றிவிட்டுச் சீட்டு ஏன் ஓடவில்லை என்று வியப்பது போன்றது, பிறகு மரம் வாடிற்று என்று அவர்கள் வியந்தது.

இந்த இடத்திலே நம்மவர் சிலர் மார்தட்டிக்கொள்வார்கள் என்று அறிவேன். "ஆதியிலேயே நம் முன்னோர் இதையெல்லாம் அறிந்திருந்தார்கள்" என்பார்கள். அறிந்த அளவை நேர்மையாகச் சொல்லுவோம். காவிரிக்கரையிலும் வடார்க்காட்டிலும் சேலத்திலும் இருந்து கப்பலேறி வந்தவர்கள் தங்கள் ஊரிலே வயலில் ஆட்டுக்கிடை போட்டவர்கள். கொளுஞ்சியைத் தழையுரமாக மிதித்தவர்கள். கோடையில் ஏரி வண்டலை வண்டியிலேற்றி வயலில் கொட்டியவர்கள். மழை அடித்துக்கொண்டு போன மண்ணை ஏரி பிடித்துவைக்க, அதனை மேட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும் அறிவு அது. அவர்களிடம் மண்வெட்டியைக் கொடுத்து அவ்வறிவுக்கு நேர்மாறான வேலையை வாங்கினார்கள் என்பதே எனக்கு ஆறாத வருத்தம். ஆனால் கொளுஞ்சி ஏன் உரமாகிறது என்பதை நம் முன்னோர் எவரும் அறிந்திருக்கவில்லை. 1886-இல் ஹெல்ரீகல், வில்பார்த் என்ற இரு ஜெர்மானியர்தாம் அதனை மெய்ப்பித்தனர். பயற்றினச் செடியின் வேரிலுள்ள முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தருகின்றன. கிருமி நீக்கிய மணலில் வளர்த்தபோது முடிச்சும் வரவில்லை, செடியும் நைட்ரஜனுக்கு ஏங்கிற்று. வயல்மண் கரைத்த நீரைச் சிறிது ஊற்றியவுடன் இரண்டும் சரியாயின. ஏட்டில் எல்லாம் இருக்கிறது என்று சொல்லித் திரிபவர் இப்படி ஒரு தொட்டி மணலை வைத்துக் காட்டியதில்லை.

இவ்வுண்மையே பின்னர் மலாயாத் தோட்டங்களைத் திருத்திற்று. 1920-களில் தோன்றிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தாரும், அவர்களுக்கு முன்பே சில தோட்டக்காரரும், நிரைகளுக்கிடையே கலபகோனியம், சென்ட்ரோசீமா, பியூரேரியா முதலிய பயற்றினக் கொடிகளைப் படரவிட்டனர். பிற்கால அளவீடுகளின்படி இக்கொடிகள் முதல் ஐந்தாண்டுகளில் ஹெக்டர் ஒன்றுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 150 கிலோ நைட்ரஜனைக் காற்றிலிருந்து இறக்கித் தந்தன. கொடிக்குள் வளர்ந்த கன்று, சுரண்டிய தரையில் வளர்ந்த கன்றைவிட முந்திப் பால்வெட்டுக்குத் தயாராயிற்று. பச்சையைச் சுரண்டுவதற்குக் கூலி கொடுத்த அதே நிர்வாகங்கள், பச்சையை நடுவதற்கும் கூலி கொடுக்க நேர்ந்தது. மரமே மண்ணைத் தின்றிருந்தால், அம்மரத்தின் காலடியில் மேலும் ஒரு செடியை வளர்த்தபோது மண் இன்னும் மோசமாகியிருக்க வேண்டுமன்றோ? வழக்கு இதிலேயே தீர்ந்துவிடுகிறது.

காட்டுமண் பொன் என்பாரையும் கேட்போம். வெனிசுவேலா நாட்டில் ரியோ நீக்ரோ நதிக்கரையிலே சான் கார்லோஸ் என்ற இடத்தில் ஓங்கிய காடு இருக்கிறது. அடியிலுள்ள மண்ணோ மிகவும் ஏழை மண். தரையின்மேல் நுண்வேர்கள் பாய் போலப் பின்னிக் கிடக்கின்றன. அந்த வேர்ப்பாயின்மேல், கதிரியக்கத்தால் அடையாளமிட்ட சுண்ணாம்புச் சத்தையும் பாஸ்பரஸையும் தெளித்து, அடியில் ஒழுகும் நீரைப் பிடித்து அளந்தார்கள் ஸ்டார்க், ஜோர்டன் என்ற இருவர். 1978-இல் வெளியான அவர்கள் முடிவின்படி, தெளித்ததில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் அடிமண்ணுக்கு ஒழுகிற்று. எஞ்சிய 999 பங்கையும் வேர்ப்பாய் பிடித்துக்கொண்டது. அத்தகைய காட்டை அழித்துவிட்டு அதன் மண்ணிலே செல்வம் தேடுபவன், சீட்டுக்காரர் எல்லாரையும் விரட்டிவிட்டு வெறும் திண்ணையைத் தோண்டுகிறான். எல்லாக் காட்டு மண்ணும் இவ்வளவு வறியது என்று கூறேன். ஜாவாவின் எரிமலை மண் வேறு, ஆற்றுப்படுகை மண் வேறு. ஆயினும் மழையால் நெடுங்காலம் கழுவுண்ட நம் தீபகற்பத்து மேட்டு மண்ணும் பெரும்பாலும் ஏழைக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

நெகிரி செம்பிலானில் பாசோ என்ற காப்புக்காடு உண்டு. 1970-களில் மலேசிய, ஜப்பானிய, ஆங்கில ஆராய்ச்சியாளர் அங்கே உதிரும் இலையை வலைகட்டிப் பிடித்து நிறுத்தார்கள். உதிர்ந்த இலையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கைக் கறையான்களே தின்று தீர்க்கின்றன என்பது அவர்கள் கண்டவற்றுள் ஒன்று. வீட்டு விட்டத்தை அரிக்கும்போது நாம் சபிக்கின்ற அந்தப் பூச்சி, காட்டிலே ஊதியமில்லாத தோட்டியாய், உரக்காரனாய் வேலை செய்கிறது.

ஒரு சீட்டு உண்மையில் முறிந்ததை அளந்து காட்டியவர்களும் உண்டு. அமெரிக்காவின் நியூஹாம்ப்ஷயர் மாகாணத்தில் ஹப்பர்டு புரூக் என்னும் மலைக்காட்டில் லைக்கன்ஸ், போர்மன் முதலியோர் 1963-இல் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினர். அங்கே அடிப்பாறையில் நீர் இறங்காது. பள்ளத்தாக்கிலிருந்து வெளியேறும் நீர் முழுவதும் ஓர் ஓடை வழியாகவே போக வேண்டும். ஆகவே மழையோடு வந்ததையும் ஓடையோடு போனதையும் கடைக்கணக்குப் போல எழுதிவைக்க முடிந்தது. 1965-இன் இறுதியில் ஒரு பள்ளத்தாக்கின் மரங்கள் அனைத்தையும் வெட்டிச் சாய்த்தனர். ஒரு கட்டையையும் வெளியே எடுக்கவில்லை. புதிய பச்சை தலைகாட்டாதபடி மட்டும் மருந்தடித்து வந்தனர். ஓடைநீரில் நைட்ரேட் என்ற உப்பு முதலாண்டில் 41 மடங்கும், இரண்டாம் ஆண்டில் 56 மடங்கும் உயர்ந்தது. சுண்ணாம்பும் பொட்டாசியமும் அதனைப் பின்தொடர்ந்தன. கட்டையைக் கொண்டுபோகாமலே சத்து போயிற்று என்பதைக் கவனியுங்கள். மக்கும் வேலை நடந்தது. மக்கியதை வாங்கிக்கொள்ள வேர் இல்லை. வாங்குவாரில்லாத சத்தை மழை வாங்கிக்கொண்டது. புல்வெட்டித் தரையை மொழுக்கிய நம் தோட்டங்களில் எவரும் ஓடையை இவ்வாறு அளக்கவில்லை. ஆனால் அவ்வோடைகளின் செந்நிறத்தைக் கண்டவர் இன்றும் இருக்கிறார்கள்.

சாம்பல் கட்சியாருக்கு விரைவாகவே பதில் சொல்லிவிடலாம். சாம்பலில் சுண்ணாம்பும் பொட்டாஷும் உண்டு. புளித்த மண்ணின் புளிப்பை அது குறைக்கும். சுட்ட நிலத்தில் முதற்போகம் செழிக்கும். அந்த முதற்போகமே கண்ணை மயக்குகிறது. தீ 200 டிகிரி வெப்பத்தைத் தாண்டும்போதே நைட்ரஜன் புகையோடு பறக்கத் தொடங்குகிறது, கந்தகமும் அவ்வாறே. தரையில் எஞ்சும் சாம்பலைப் பிடித்துக்கொள்ள வேர் இல்லாதபோது அடுத்த மழை அதனை இழுத்துச் செல்கிறது. இந்நாட்டுப் பெரிய தோட்டங்களே இதனை உணர்ந்து, மறுநடவின்போது பழைய மரத்தைச் சுடாமல் சீவித் துண்டாக்கிப் பரப்பும் முறைக்கு மாறின. 1997-இல் புகைமூட்டம் வானை மூடியதற்கு மறு ஆண்டு, சுற்றுச்சூழல் தரச் சட்டத்தைத் திருத்தித் திறந்தவெளி எரிப்பையும் தடுத்தார்கள். சீவிப் போட்ட செம்பனைத் தண்டிலே காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகுமே என்று தோட்டத்திலிருப்பவர் கேட்டால், அது நியாயமான கேள்வி. மெல்லியதாகச் சீவி, குவிக்காமல் பரப்பி, விரைவில் கொடியை அதன்மேல் படரவிட்டால் வண்டுக்கு இடம் குறைகிறது. குறைந்த செலவில் முடியும் வேலையன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பட்டணத்து வீட்டு வாசலிலே மாலைதோறும் மாவிலையைக் கூட்டிக் கொளுத்துகிறவருக்கு எந்த வண்டும் சாக்கு ஆகாது.

உர மூட்டை இருக்கும்போது இக்கவலையெல்லாம் எதற்கு என்பார் ஒருவர் எப்போதும் உண்டு. மூட்டைக்குள் இருப்பது எங்கிருந்து வந்தது என்று அவர் ஒருநாளாவது கேட்டதுண்டோ? நைட்ரஜன் காற்றில் நிறைய இருக்கிறது. பிடித்து இறக்க இயற்கை வாயுவை எரிக்க வேண்டும், அவ்வளவே. பாஸ்பரஸின் கதை அப்படியன்று. அதற்குக் காற்றுவழி இல்லை. காற்றடித்த புழுதியோடு பறக்கும் சிறு பங்கு போக, ஆற்றில் இறங்கி ஆழ்கடலில் படிந்தது பல்லாயிரம் தலைமுறை கழித்துக் கடற்படுகை மேடானாலன்றித் திரும்பாது. நம் ரப்பர்த் தோட்டங்களுக்கு நெடுங்காலம் பாஸ்பேட் பாறை வந்தது கிறிஸ்துமஸ் தீவிலிருந்து. அங்கே ஒரு காட்டுத் தீவின் நிலத்தைச் சுரண்டி இங்கே மரத்தடியில் போட்டார்கள். பொட்டாஷையோ இன்றும் கனடா முதலிய தூரதேசங்களிலிருந்து விலைக்கு வாங்குகிறோம்.

இப்போது செம்பனையைப் பாருங்கள். எண்ணெயும் ரப்பரைப் போலவே. கரி, ஹைட்ரஜன், பிராணவாயு இவற்றால் ஆனது. எண்ணெய் கப்பலேறுவதால் மட்டும் மண் வறுமையடையாது. மண்ணின் உப்பு, முக்கியமாகப் பொட்டாஷ், பழம் உதிர்த்தபின் எஞ்சும் வெறுங்குலையிலே தங்குகிறது. குலையின் எடையில் ஐந்திலொரு பங்குக்கு மேல் அது. ஒரு காலத்தில் ஆலையின் பின்புறம் அதனைச் சுட்டார்கள். பின்னர் லாரியிலேற்றி நிரைகளுக்குத் திருப்பிக் கொண்டுபோய்ப் பரப்பும் நல்ல வழக்கம் வந்தது. அண்மைக்காலத்தில் அதனை அரைத்து, உலர்த்தி, உருண்டையாக்கி எரிபொருளாக விற்கும் யோசனை பரவுகிறது. "கழிவைக் காசாக்குகிறோம்" என்று பெருமையும் பேசுகிறார்கள். ரப்பர் ஷீட்டிலே இல்லாத மண், இந்த உருண்டையிலே இருக்கிறது. கனடாவிலிருந்து விலைகொடுத்து வாங்கி மரத்தடியில் இட்ட பொட்டாஷ் அதற்குள் அடைந்து வேற்றுநாட்டு அடுப்புக்குப் போகும். மறுபடியும் கனடாவுக்குப் பணம் அனுப்ப வேண்டும். பால்மரம் மண்ணைத் தின்றது என்று அரைநூற்றாண்டாகப் புலம்பிய நாம், கண்ணெதிரே நடக்கும் இந்த உண்மையான தின்னலைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

தோட்டத்திலே இன்னும் வேலையிலிருக்கும் அன்பர்களும், ஆலையிலே கணக்கெழுதும் அன்பர்களும் இதனை எளிதில் விசாரிக்கலாம். வாரத்துக்கு எத்தனை லாரிக் குலை ஆலைக்குள் போகிறது, எத்தனை லாரி வெறுங்குலை நிரைக்குத் திரும்புகிறது, திரும்பாதது எந்த வாசல் வழியாகப் போகிறது என்ற மூன்று கேள்விகளுக்கு எடைமேடைப் புத்தகத்திலேயே விடை இருக்கிறது.